அப்பாவுக்கு, உப்சாலாவிலிருந்து

உப்சாலா,
சுவீடன்,
டிசம்பர் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து 18 நாள் ஆகிறது. மேஜை மேலேயே கிடக்கிறது, இன்றுதான் பேனா எடுத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசினால் நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று ஆயாவிடம் சொல்லுங்கள்.

இங்கே மதியம் மூன்று மணிக்குள் சூரியன் போய்விடுகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே மாட்டிய தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார். அப்புறம் என் கதவைத் தட்டி அந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார். இன்று மைனஸ் 9. வேறு ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் தட்டாத நாளில் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. 1742-இல் செல்சியஸ் அளவைக் கொடுத்த ஆன்டர்ஸ் செல்சியஸும் இந்த ஊர்க்காரர்தான்.

நாள் முழுக்க என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். சின்ன வயதில் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப்போய்த் திருவாதிரையைக் காட்டினீர்களே, அது மாதிரி சிவந்த, சூடு குறைந்த நட்சத்திரங்கள்தான் என் வேலை. சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி என்றால் திருவாதிரை 3,300 பக்கம். அந்தச் சூட்டில் டைட்டானியமும் ஆக்சிஜனும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெளிச்சத்தை நிறமாலையாகப் பிரித்தால், அவை விழுங்கிய இடம் பட்டை பட்டையாக இருட்டிக் கிடக்கும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து, துளி உருண்டு ஓடுகிறதா, உட்கார்ந்து பொரிகிறதா என்று பார்த்தே ஆயா சூடு சொல்வாரே, அப்படித்தான் பட்டையின் ஆழத்தைப் பார்த்து நாங்கள் சொல்கிறோம். அதே நிறமாலையில் சோடியம் விழுங்கிய இருட்டுக் கோடு அகலமாக இருந்தால் வாயு நெருக்கி அமுங்கிய குட்டி நட்சத்திரம். மெல்லிசாக இருந்தால் திருவாதிரை மாதிரி ஊதிப் பெருத்தது.

ஒரே சிக்கல், எதுவும் விழுங்காத வெளிச்சத்தின் மட்டம் தெரிந்தால்தான் எவ்வளவு குறைந்தது என்று அளக்க முடியும். என் குட்டி நட்சத்திரங்களில் பட்டை மேல் பட்டை ஏறி அந்த மட்டமே மறைந்துவிடுகிறது. நம் கிணற்றுமேட்டில் எல்லைக்கல் காணாமல் போனது போலத்தான் அப்பா. அதனால் பட்டை குறைந்த அகச்சிவப்புப் பக்கம் போய், கணக்குப் போட்டு உண்டாக்கிய நிறமாலைகளோடு மொத்தமாகப் பொருத்திப் பார்க்கிறேன். ஒரு நட்சத்திரம் சரியாகப் பொருந்திய அன்று உங்களிடம் சொல்லத்தான் தோன்றியது. அப்போது ஊரில் நடுராத்திரி.

போன சனிக்கிழமை கத்தரிக்காய் வாங்கினேன். ஒரு காயே அரைக்கிலோ, கறுப்பாகப் பளபளவென்று. வதக்கினால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிட்டது. அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் காம்போடு கீறும்போது முள் குத்தி விரலை வாயில் வைத்துக்கொள்வாரே, அது ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தேன். பொங்கலுக்கு வர முடியாது அப்பா. வேலை இருக்கிறது.

சரி, நில விஷயம். சர்வேயர் வரும்போது பெரியப்பாவையும் கூட நிற்க வையுங்கள். எஃப்.எம்.பி., அதான் அந்த நில அளவை வரைபடம், அதன் நகல் எடுத்து, தெற்கே நிற்கிற இரண்டு கல்லிலிருந்து அளந்து வரச் சொல்லுங்கள், போன கல்லின் இடம் தானே வந்துவிடும். இரண்டு சென்ட் அந்தப் பக்கம் போனாலும் போகட்டும். அக்கா கல்யாணத்தில் அவர்தானே முன்னால் நிற்க வேண்டும். இந்த மாதப் பணம் கொஞ்சம் குறைவாக வரும், பேங்க் மாற்றினேன், வேறொன்றுமில்லை. அதற்காகச் சிவப்புப் பசுவை விற்றுவிடாதீர்கள். தம்பிக்கு ஹால் டிக்கெட் வந்ததா என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்