எம்.எஸ். நோய்க்கு ஒற்றைக் காரணம் தேட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோயைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அது ‘பரம்பரை நோய்’ என்றோ, ‘வைரஸால் வரும் நோய்’ என்றோ ஒற்றை வரியில் முடிக்கப்பட்டுவிடுகிறது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கொஞ்சமே முழு உண்மையாகப் படிக்கப்படுவதால், நோயாளிகளின் வீடுகளில் வீண் பழியும் வீண் அச்சமும் குடியேறுகின்றன. என் தங்கை இந்நோயுடன் வாழ்கிறாள். அவளுக்கு நோய் உறுதியானபோது உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, ‘என்ன சிகிச்சை?’ என்பதன்று, ‘யார் வழியில் வந்தது?’ என்பதே. அந்தக் கேள்விக்கு அறிவியல் தரும் விடையைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நம் உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். உறை சிதைந்த இடத்தில் நரம்புச் சமிக்ஞை தடுமாறுகிறது. எனவே ஒருவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது, இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

முதலில் மரபணுவை எடுத்துக்கொள்வோம். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரின் மரபணுக்கள் ஏறக்குறைய அச்சு மாறாமல் ஒத்திருக்கும். அவர்களில் ஒருவருக்கு எம்.எஸ். வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு சுமார் 25 முதல் 30 விழுக்காடுதான். உடன்பிறந்தோருக்கு அது சுமார் 3 விழுக்காடு. தாய், தந்தையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 2 விழுக்காடு. அதாவது, அத்தகைய 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 98 பேருக்கு இந்நோய் வருவதில்லை. மறுபுறம், எம்.எஸ். நோயாளிகளின் குடும்பங்களில் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர்களைக் கனடாவில் ஆராய்ந்தபோது, இரத்த உறவு இல்லாத அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பொதுமக்களுக்கு உள்ள அளவாகவே இருந்தது. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதால் நோய் தொற்றுவதில்லை என்பதும், குடும்பங்களில் காணப்படும் கூடுதல் வாய்ப்பு மரபணு வழியே வருகிறது என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன.

அந்த மரபணுப் பங்கும் ஒரே ஒரு பழுதான மரபணுவால் வருவதன்று. நோயெதிர்ப்பு மண்டலம் தன்னையும் பிறவற்றையும் பிரித்தறிய உதவும் எச்.எல்.ஏ. தொகுதியில் உள்ள டிஆர்பி1*15:01 என்ற மரபணு வகை, நோய் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. இதற்கு அடுத்து, தனித்தனியே மிகச் சிறிய அளவில் வாய்ப்பைக் கூட்டும் 200-க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளைப் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று 2019இல் பட்டியலிட்டது. அவற்றில் பெரும்பாலானவை நோயெதிர்ப்புச் செல்களின் செயல்பாட்டோடு தொடர்புடையவை. டிஆர்பி1*15:01 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் இந்நோயின்றியே இருக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, எச்சில் வழியே பரவும் எப்ஸ்டீன்-பார் வைரஸ். 2022 ஜனவரியில் வெளியான அமெரிக்க ஆய்வு, இத்துறையில் அண்மைக் காலத்தில் வந்தவற்றுள் மிக வலிமையானது என்பது என் கருத்து. இராணுவத்தில் பணியாற்றிய 1 கோடிக்கும் மேற்பட்டோரின் தரவுகளையும், பணிக்காலத்தில் அவர்களிடமிருந்து அவ்வப்போது எடுத்துச் சேமித்து வைக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளையும் ஆய்வாளர்கள் பயன்படுத்தினர். நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு எடுத்த இரத்தம் கையில் இருந்ததால், எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்று அவர்களால் பார்க்க முடிந்தது. எம்.எஸ். வந்த 801 பேரில் 35 பேருக்குத் தொடக்கத்தில் இந்த வைரஸ் தொற்றியிருக்கவில்லை. அந்த 35 பேரில் 34 பேருக்கு நோய் தொடங்குவதற்குள் தொற்று ஏற்பட்டிருந்தது. நரம்புச் சேதத்தைக் காட்டும் புரதம் அவர்களின் இரத்தத்தில் உயர்ந்ததும் தொற்றுக்குப் பின்னரே. தொற்றியவர்களுக்கு நோய் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. எச்சில் வழியே அதே போலப் பரவும் சைட்டோமெகலோ வைரஸுக்கு அத்தகைய விளைவு இல்லை. வைரஸின் ஒரு புரதம் நரம்பு மண்டலத்தின் ஒரு புரதத்தைப் போன்ற சாயலில் இருப்பதால், ஒன்றை எதிர்க்க உருவான எதிர்ப்புப் பொருள் மற்றொன்றையும் தாக்கக்கூடும் என்று அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு காட்டியது.

ஆனால் உலகில் வளர்ந்தவர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு இந்த வைரஸ் ஏற்கெனவே தொற்றியிருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. இந்தச் செய்தியைச் சொல்லாமல் ‘32 மடங்கு’ என்று மட்டும் அச்சிட்டால், படிப்பவர் தேவையின்றிக் கலங்குவார். தொற்று அநேகமாகத் தேவையான நிபந்தனையாக இருக்கலாம். அது மட்டுமே போதுமானதன்று.

மரபணுவும் சூழலும் எப்படிக் கைகோக்கின்றன என்பதற்குப் புகையிலையைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். புகைபிடிப்போருக்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 2011இல் வெளியான சுவீடன் ஆய்வில், மரபணு அபாயமும் புகைப்பழக்கமும் இல்லாதவர்களோடு ஒப்பிடப்பட்டபோது, மரபணு அபாயமின்றிப் புகைபிடித்தவர்களுக்கு வாய்ப்பு சுமார் 1.4 மடங்காகவும், புகைக்காமல் அபாய மரபணு அமைப்பு மட்டும் கொண்டிருந்தவர்களுக்குச் சுமார் 5 மடங்காகவும், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 13 மடங்குக்கும் மேலாகவும் இருந்தது. எனவே இவை வெறுமனே கூடவில்லை, ஒன்றையொன்று பெருக்குகின்றன. வாயில் அடக்கும் புகையிலைக்கு இந்த விளைவு இல்லை என்பதால், கோளாறு நிக்கோட்டினில் அல்ல, நுரையீரலில் புகை உண்டாக்கும் எரிச்சலில்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். (வாயில் அடக்கும் புகையிலை வேறு தீங்குகள் செய்யும் என்பதை மறக்க வேண்டாம்.) பெயின்ட், வார்னிஷ் போன்றவற்றிலுள்ள கரிமக் கரைப்பான்களின் ஆவியைச் சுவாசிப்போரிடமும் இதே போக்கு காணப்பட்டது.

பதின்ம வயது உடல் பருமன் அடுத்த காரணி. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வில், 18 வயதில் பருமனாக இருந்தவர்களுக்கு வாய்ப்பு இரு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது.

சூரிய ஒளியும் வைட்டமின் டி-யும் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நோய் கூடுவது பல நாடுகளில் காணப்படும் பொதுப்போக்கு. இரத்தத்தில் இந்த வைட்டமின் குறைவாக இருப்போருக்கு நோய் வாய்ப்பு அதிகம் என்பதற்கும் நல்ல சான்றுகள் உண்டு. ஆனால், நோய் வந்தபின் மாத்திரை விழுங்கினால் அது தணியும் என்பது பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. மருத்துவர் சொல்லாமல் மிகையாக உட்கொண்டால் இரத்தத்தில் கால்சியம் கூடிச் சிறுநீரகம் கெடும்.

தடுப்பூசி பற்றியும் ஒரு வார்த்தை. 1990-களில் பிரான்சில் மஞ்சள் காமாலை பி தடுப்பூசிக்கும் எம்.எஸ்.ஸுக்கும் தொடர்பு உண்டு என்ற அச்சம் பரவியது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதி செய்யவில்லை. இந்த அச்சம் இன்னும் அவ்வப்போது தலைதூக்குவது வருத்தம் தருகிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ‘இத்தனை மடங்கு’ என்று எழுதும் இடத்தில், நூறு பேரில் எத்தனை பேருக்கு வருகிறது என்ற எண்ணையும் உடன் தாருங்கள். நோயாளியின் தாயோ தந்தையோ இந்நோயைக் ‘கொடுத்தார்கள்’ என்ற பொருள் தரும் தலைப்பைத் தவிருங்கள். நோயாளிகளின் பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் மரபணுச் சோதனை வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. நோய் வருமா, வராதா என்று அது சொல்லாது. அவர்கள் செய்யக்கூடியது புகைபிடிக்காமல் இருப்பதும், பிறர் விடும் புகையிலிருந்து விலகியிருப்பதும், வளரிளம் பருவத்தில் உடல் எடையைக் கவனிப்பதும், திடீரென ஒரு கண் மங்கினாலோ, ஒரு பக்கம் மரத்துப்போய்ச் சில நாள் நீடித்தாலோ தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதும்தான். இவற்றைச் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒதுக்காமல், முதல் பத்தியிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்