செயலாளர் ஆண்டறிக்கை: கும்பியா கேட்ட வருடம்

அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை. அதனால் இந்த ஆண்டு நம் மாதக் கூட்டங்களை நிறைத்த கும்பியா என்ற லத்தீன் அமெரிக்க ஆட்ட இசைக்கு நேராக வந்துவிடுகிறேன்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் பலருக்குக் கும்பியா என்றால் மெக்சிகோதான். ஆனால் அது பிறந்தது கொலம்பியாவின் கரீபியன் கரையில், மக்தலேனா ஆற்றையொட்டிய ஊர்களில். அந்த மண்ணின் பழங்குடிகளுடைய குழலும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் மேளமும் அங்கே கூடின, ஸ்பானியரிடமிருந்து உடையும் மொழியும் வந்தன. கைத்தா என்ற குழலைப் பற்றிப் பேசிய கூட்டத்தை மறக்க முடியாது. கள்ளித் தண்டைக் குடைந்து, தேன்மெழுகையும் கரித்தூளையும் பிசைந்து தலை வைத்து, வாத்து இறகின் தண்டைச் செருகி ஊதுகிறார்கள். பெண் குழல், ஆண் குழல் என்று ஜோடியாக வரும். பெண் குழல் மெட்டை வாசிக்கும். ஆண் குழலை ஊதுபவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் மராக்கா என்ற கிலுகிலுப்பையைக் குலுக்குவார். யாமதோர் என்ற சின்ன மேளம் தாளத்தின் இடைவெளியில் மட்டும் விழும், விடாமல். அதைக் காதில் பிடித்துவிட்டால் கும்பியா பிடிபட்டுவிடும். ஆட்டமும் அப்படித்தான், காலைத் தரையைவிட்டு அதிகம் தூக்காமல், ஒரு கையில் எரியும் மெழுகுவத்திக் கட்டும் மறு கையில் பாவாடை நுனியுமாகப் பெண்கள் சுற்றிவர, தொடாமலே ஆண்கள் தொப்பியோடு பின்தொடர்வார்கள்.

1940களில் கொலம்பிய இசையமைப்பாளர் லூச்சோ பெர்மூதெஸ் இதை கிளாரினெட், ட்ரம்பெட் சகிதம் பெரிய வாத்தியக்குழுவாக்கி நகரத்து நடன அரங்குகளில் ஏற்றினார். 1934இல் அதே கரையிலுள்ள கார்த்தஹேனா நகரில் தொடங்கிய டிஸ்கோஸ் ஃபுவெந்தெஸ் நிறுவனத்தின் இசைத்தட்டுகள் எல்லை தாண்டின. மேளம் பின்னுக்குப் போய்விட்டது என்று நம்மில் சிலர் வருத்தப்பட்டார்கள், எனக்கும் அந்த வருத்தம் உண்டு, ஆனாலும் அந்தத் தட்டுகள் இல்லையென்றால் மற்ற நாடுகளுக்கு அது போயிருக்காது.

போன இடத்திலெல்லாம் பிழைக்க வந்தவர்களின் பேட்டைகள்தான் அதை வளர்த்தன. பெருவில் மலையிலிருந்து லிமாவுக்கு இறங்கியவர்கள் வாய்னோ என்ற தங்கள் மலை மெட்டை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றி, கும்பியாவோடு கலந்து சிச்சா என்ற இசை ஆக்கினார்கள். அமேசான் பக்கத்துப் புகல்பாவில் ஹுவானெக்கோ குழு ஷிபிபோ பழங்குடியின் உடையில் மேடையேறியது. மெக்சிகோவின் மொந்தெர்ரேயில் செல்சோ பீன்யா என்ற இசைக்கலைஞர் கும்பியா வாசிக்க அக்கார்டியனைக் கையிலெடுத்தார். அதே ஊரில்தான் இசைத்தட்டின் வேகத்தைக் குறைத்துக் கேட்கும் ரெபஹாதாவும் வந்தது, சூடேறிய ஒரு ப்ளேயர் தானாக மெதுவாகச் சுற்றியதில் ஆரம்பித்ததாம். அர்ஜென்டினாவில் 1990களின் கடைசியில் சேரிப் பையன்கள் கீபோர்டோடு பாடிய கும்பியா வில்லேராவின் வரிகள் சிலருக்கு முகம் சுளிக்க வைத்தன. பட்டினியையும் போலீஸையும் பற்றி அவர்கள் வேறு எப்படிப் பாடுவார்கள்? அது நம் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் அடுத்த ஆண்டு. சிலியின் கும்பியாவும் டெக்சாஸின் கும்பியாவும் இன்னும் கேட்க பாக்கி. நம் ஸ்பீக்கரில் யாமதோர் சரியாகக் கேட்பதே இல்லை, அதை மாற்ற நிதி ஒதுக்கவும் இந்த அறிக்கையை ஏற்கவும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.