பறவை ஆய்வு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களில் துருவப் பகுதியில் வாழும் ஸ்குவா என்னும் வேட்டைக் கடற்பறவைகளைப் பற்றியே படித்தோம். முட்டை திருடும் பறவைக்கு ஒரு வருடம் முழுக்கவா என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். கடைசிக் கூட்டத்தில் அதிகம் கேள்வி கேட்டவர்களும் அவர்கள்தான் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஸ்குவா முட்டை திருடித்தான் பிழைக்கிறது என்று நாம் நினைத்திருந்தது பாதிதான் சரி. பழுப்பு ஸ்குவா, தென்துருவ ஸ்குவா என்ற இரண்டு இனங்களும் சேர்ந்து வாழும் அண்டார்டிகத் தீபகற்பத்தில், உடல் பெருத்த பழுப்பு ஸ்குவா பென்குயின் குடியிருப்பைத் தன் வசம் வைத்துக்கொள்கிறது. தென்துருவ ஸ்குவா கடலுக்குப் போய் மீன் பிடித்துத்தான் குஞ்சு வளர்க்கிறது.

கடலே எட்டாத இடத்திலும் அது வாழ்கிறது. அண்டார்டிகாவில் கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஸ்வார்தமாரன் மலைச்சரிவில், அண்டார்டிகப் பெட்ரல் என்ற கடற்பறவைகளின் முட்டையும் குஞ்சும்தான் அதற்கு உணவு. 2021-22 கோடையில் பனிப்புயல்கள் விடாமல் அடித்தன. பெட்ரல்கள் ஏறக்குறைய முட்டையே இடவில்லை. ஸ்குவா கூடு ஒன்றுகூட இல்லை. வேட்டையாடும் பறவை தன் இரையை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் நான் படித்ததில்லை.

இனப்பெருக்கம் பற்றிய கூட்டம்தான் மனதைக் கனக்க வைத்தது. வழக்கமாக இரண்டு முட்டை. ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாப்பு. இரை குறைந்தால் மூத்த குஞ்சு இளையதைக் கொத்தி விரட்டும். விரட்டப்பட்டது பசியிலோ பக்கத்து ஸ்குவாவின் வாயிலோ முடிந்துபோகும்.

அப்புறம், 2016இல் வெளியான கொரிய ஆய்வு. அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் கூட்டை அடிக்கடி பார்வையிட்டவரைப் பழுப்பு ஸ்குவாக்கள் அடையாளம் வைத்துத் தாக்கின. அதே உடையில் உடன் வந்த புதியவரை விட்டுவிட்டன.

2023 அக்டோபரில் தென் அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியாவின் பேர்ட் தீவில் பறவைக் காய்ச்சல் முதலில் தெரிந்ததும் பழுப்பு ஸ்குவாக்களிடம்தான். செத்ததையும் தின்னும் பழக்கம் நோயை எளிதாக ஒட்டவைக்கிறது. முதல் முட்டையிடவே பல ஆண்டுகள் ஆகும் பறவை என்பதால், இழந்த எண்ணிக்கை சீக்கிரம் திரும்பாது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். வரும் ஆண்டிலும் ஸ்குவாவையே தொடர்ந்து, அதன் வலசைப் பாதையைப் படிக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்