சாட்சி சொன்னவரே விசாரணை அதிகாரியா? நூற்பாலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூர் மாவட்டம்,
2024 மார்ச்.

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும் இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்கள் ஆலையில் பஞ்சைச் சிக்கெடுத்து வாரும் கார்டிங் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்து, கடந்த டிசம்பரில் பணிநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி நான். ஆலையின் பெயரையோ சம்பந்தப்பட்டவர்களின் பெயரையோ இதில் எழுதவில்லை. யாரையும் ஊரார் முன் நிறுத்துவது என் எண்ணம் அல்ல. படித்தவுடன் எந்த விவகாரம் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். பணிநீக்கத்தை எதிர்த்து மூன்று முறை பதிவுத் தபாலில் மேல்முறையீடு அனுப்பினேன். மூன்றுக்கும் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. அந்த மனுக்கள் உங்கள் மேசை வரை வந்தனவா என்பதே சந்தேகமாக இருப்பதால்தான் இப்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடந்த ஜூலையில் ஒரு நாள், முதல் ஷிப்டில், காலை பத்து மணி இருக்கும். வரிசையில் கடைசியாக நிற்கும் பழைய கார்டு இயந்திரத்தில் பஞ்சு சிக்கி அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தினார்கள். கார்டிங்கில் ஒரு வாரம் நின்றவர்களுக்கும் தெரியும், சுவிட்சை அணைத்தவுடன் கார்டு நின்றுவிடாது. நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுற்றும் அந்தக் கனமான சிலிண்டர், மின்சாரம் நின்ற பிறகும் தன் வேகத்திலேயே சில நிமிடங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் மேல் முழுக்க ஊசிப் பற்கள். மூடி போட்டிருப்பதால் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது, கூர்ந்து கேட்டால் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கும். பக்கத்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் கேட்காது. அதற்காகத்தான் சிலிண்டர் முழுதாக நிற்கும்வரை மூடி திறக்காதபடி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு மெஷினில் அந்த சுவிட்ச் பல மாதங்களாகச் செயலிழந்து, வெறும் ஒயர் முறுக்கி இணைக்கப்பட்டிருந்தது. மூடி எப்போது வேண்டுமானாலும் திறக்கும்.

ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண் அங்கே உதவியாளராக நின்றிருந்தாள். தமிழில் நாலைந்து சொல்தான் தெரியும். மேற்பார்வையாளர் மூடியைத் திறந்து, சிக்கிய பஞ்சை எடுக்கும்படி அவளுக்குக் கையால் சைகை காட்டினார். அவளும் கையை உள்ளே கொண்டுபோனாள். இரண்டு மெஷின் தள்ளி கேன் மாற்றிக்கொண்டிருந்த நான் ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் விரலுக்கும் பற்களுக்கும் இடையே ஒரு சாண்கூட இருந்திருக்காது. அதன்பின் மேற்பார்வையாளரைப் பார்த்து, "அறிவிருக்கா உனக்கு? புள்ள கை போயிருக்குமேடா!" என்று கத்தினேன். அவர் என் சட்டையைப் பிடித்தார், நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

என் மேல் தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. மேலதிகாரியை எல்லோர் முன்னிலையிலும் ஒருமையில் பேசியதும் 'டா' போட்டதும் தவறு. விளக்கக் கடிதத்தில் அதற்கு வருத்தம் தெரிவித்து எழுதியிருக்கிறேன், இப்போதும் தெரிவிக்கிறேன். ஆனால் குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் இரும்புக் கம்பியை ஓங்கிக் கொலை மிரட்டல் விடுத்தேன் என்றும், ஆபாசமாகத் திட்டினேன் என்றும், உற்பத்தியைத் திட்டமிட்டு நிறுத்தினேன் என்றும் மூன்று வரிகள் சேர்ந்திருந்தன. இந்த மூன்றையும் நான் மறுக்கிறேன். அந்த வரிசையின் நேர் மேலே கேமரா இருக்கிறது. அதன் பதிவைக் கொடுங்கள் என்று விசாரணையின் முதல் நாளே எழுத்தில் கேட்டேன். "தேவையில்லை" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்கள்.

என் முதன்மையான குறை அந்த விசாரணையைப் பற்றியதுதான். தகராறு நடந்த பத்தாவது நிமிடம் பணியாளர் நிர்வாக அலுவலர் கார்டிங்குக்கு வந்தார். மேற்பார்வையாளரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினார். என்னிடம் எதுவும் கேட்காமலே தற்காலிகப் பணிநீக்க உத்தரவில் கையெழுத்திட்டார். தான் நேரில் கண்டதாக ஓர் அறிக்கையும் எழுதினார். அது என்மீதான கோப்பில் இரண்டாவது ஆவணமாக இருக்கிறது. பிறகு அதே அலுவலரே விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டு என் எதிரில் உட்கார்ந்தார். தன் அறிக்கையைத் தானே சாட்சியமாக ஏற்றுக்கொண்டு, அதன்மேல் தானே முடிவும் எழுதினார். அவரை நான் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது? கேள்வி கேட்க எழுந்தபோது, "விசாரணை அதிகாரியிடம் கேள்வி கேட்கக் கூடாது" என்று உட்கார வைத்துவிட்டார். என் தரப்பில் ஒரு சாட்சியும் விசாரிக்கப்படும் முன்பே, அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி "மன்னிப்புக் கேட்கிறாயா, இல்லையா?" என்பதுதான்.

இது எனக்கு மட்டும் தோன்றும் குறை அல்ல. மேற்கு வங்காளத்தின் மீங்கிளாஸ் தேயிலைத் தோட்ட வழக்கில் 1963ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொழிலாளர்கள் திரண்டு மேலாளரையும் உதவி மேலாளர்களையும் தாக்கினார்கள் என்பது அங்கே குற்றச்சாட்டு. என்மீது சொல்லப்படுவதைவிடப் பல மடங்கு பெரியது. அப்படியிருந்தும், தாக்கப்பட்டதாகச் சொன்ன அதிகாரிகளே விசாரணையையும் நடத்தினார்கள் என்பதாலும், எதிர்ச் சாட்சிகளைத் தொழிலாளர்கள் முன்னிலையில் விசாரிக்காமல் தொழிலாளர்களையே கேள்வி கேட்டு முடித்தார்கள் என்பதாலும், அந்த விசாரணை இயற்கை நீதிக்குப் புறம்பானது என்று நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்த அந்தக் குறைந்தபட்ச முறையைத்தான் நானும் கேட்கிறேன்.

விசாரணையில் எனக்கு உதவியாகச் சக தொழிலாளி ஒருவர் உட்கார அனுமதி கேட்டேன். மறுக்கப்பட்டது. நடவடிக்கைக் குறிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். படித்துக் காட்டுங்கள் என்று கேட்டதை "ஒத்துழைக்க மறுப்பு" என்று அதே குறிப்பில் பதிவு செய்திருக்கிறார்கள். நிலையாணைகளை, அதாவது ஆலையின் வேலை விதிகளை, ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் நுழைவாயிலருகே பலகையில் ஒட்டிவைக்க வேண்டும் என்று 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் சொல்கிறது. நம் ஆலை வாசலில் அந்தப் பலகை இருக்கிறது. பதினேழு ஆண்டுகளில் அதில் ஆயுத பூஜை அறிவிப்பையும் போனஸ் அறிவிப்பையும் தவிர வேறொன்றையும் நான் தமிழில் பார்த்ததில்லை.

சம்பவத்தின் நடுவில் இருந்த அந்தப் பெண் சாட்சியாக அழைக்கப்படவே இல்லை. அவளை விசாரிக்கும்படி நான் மனு கொடுத்த மறுவாரம் அவள் விடுதியில் இல்லை, ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவள் தானாகப் போனாளா, அனுப்பப்பட்டாளா என்பது எனக்குத் தெரியாததால் அதைப்பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் வாக்குமூலம் இல்லாமல் எழுதப்பட்ட எந்த முடிவும் முழுமையானதாக இருக்க முடியாது. இயங்கும் பாகத்தால் காயம் நேரக்கூடிய இடத்தில் எந்த இயந்திரத்தையும் சுத்தம் செய்யப் பெண்களை அனுமதிக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அன்று அவளுக்கு இடப்பட்ட உத்தரவே சட்டப்படி செல்லாது. 24 பக்க விசாரணை அறிக்கையில் இந்த உத்தரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தகராறு எதற்காக வந்தது என்ற கேள்வியை எழுப்பாமலே, தகராறு செய்தவன் யார் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

தண்டனையின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலதிகாரியை மிக ஆபாசமான சொற்களால் திட்டிய தொழிலாளியின் பணிநீக்கத்தைச் சரி என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை எங்கள் தொழிற்சங்க வழக்கறிஞர் மறைக்காமல் எனக்குச் சொன்னார். நானும் மறைக்கவில்லை. அதே நீதிமன்றம் 1982இல் ராமாகாந்த் மிஸ்ரா வழக்கில், தகாத வார்த்தை பேசியதற்கு வேலையைப் பறிப்பது மிகையான தண்டனை என்று கூறி, ஊதிய உயர்வு இரண்டை நிறுத்தினால் போதும் என்று மாற்றியமைத்தது. என்ன சொல், எந்தச் சூழ்நிலை, முந்தைய நடத்தை எப்படி என்று மூன்றையும் பார்த்தே அளவு தீர்மானிக்கப்படுகிறது. என் பணிப் பதிவேட்டில் பதினேழு ஆண்டுகளில் ஒரு மெமோ இல்லை. பணிநீக்க உத்தரவில் அதைப்பற்றியும் ஒரு சொல் இல்லை.

இந்த உத்தரவு என் வேலையோடு நிற்கவில்லை. என் கடைசி மாதச் சம்பளம் 15,600 ரூபாய். பணிக்கொடைக் கணக்குப்படி அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பதினேழு ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1,53,000 ரூபாய் வருகிறது. வன்முறை, ஒழுங்கீனம் என்ற காரணத்தைக் காட்டிப் பணிநீக்கம் செய்தால் அந்தத் தொகை முழுவதையும் நிறுத்திவைக்க 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இடம் தருகிறது. நடக்காத அந்த இரும்புக் கம்பி என் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது இப்போது உங்களுக்குப் புரியும். தற்காலிகப் பணிநீக்கக் காலத்துக்குத் தர வேண்டிய பிழைப்பூதியக் கணக்கிலும் பாக்கி இருக்கிறது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதன்பின் 180 நாள் வரை முக்கால் பங்கு தர வேண்டும். நூற்று நாற்பது நாளுக்கும் மேலாக நான் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தும், கடைசிவரை மாதம் 7,800 ரூபாய்தான் வந்தது. என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக்காரி பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

தொழில் தகராறுகள் சட்டத்தின் 2-ஏ பிரிவின் கீழ் ஜனவரியில் சமரச அலுவலரிடம் மனு கொடுத்தேன். நிர்வாகத் தரப்பில் இரண்டு முறை வாய்தா வாங்கினார்கள், மூன்றாம் முறை யாரும் வரவில்லை. 45 நாள் முடிந்துவிட்டதால் இனி நேரடியாகக் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போக எனக்கு உரிமை இருக்கிறது. 11-ஏ பிரிவின்படி பணிநீக்கத்தை ரத்து செய்யவோ தண்டனையைக் குறைக்கவோ அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமும் இருக்கிறது. போகத்தான் போகிறேன். ஆனால் அங்கே ஆண்டுகள் ஓடும். அதற்குமுன், இந்தக் கோப்பை ஒருமுறையாவது நீங்களே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆலையைத் தொடங்கிய உங்கள் தகப்பனார் மாதத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும் நேரத்தில் கார்டிங்குக்குள் நடந்து வருவார். சிலிண்டர் நிற்கும்வரை பொறுமையாக நிற்கச் சொல்லிப் புது ஆட்களுக்குச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நான் அந்தப் பெண்ணின் கையை இழுத்ததும் அந்தப் பழக்கத்தில்தான்.

நான் வேண்டுவது சலுகை அல்ல. டிசம்பர் உத்தரவை நிறுத்திவைத்து, ஆலைக்கும் இந்தத் தகராறுக்கும் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு புதிதாக விசாரணை நடத்துங்கள். நடவடிக்கைகள் தமிழில் எழுதப்படட்டும், சக தொழிலாளி ஒருவர் என்னுடன் உட்காரட்டும், அந்தப் பெண்ணிடம் அவள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள். ஒருமையில் பேசியதற்கு அந்த விசாரணை எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அன்றைய கேமரா பதிவு அழிந்துவிடாமல் இன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்திலும் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.

பதில் எழுதும்போது, கடைசி மெஷினின் மூடி சுவிட்ச் சரிசெய்யப்பட்டுவிட்டதா என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள். அங்கே இப்போது வேறொரு பிள்ளை நின்று வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
கார்டிங் பிரிவின் முன்னாள் தொழிலாளி