படத்தில் இருப்பவர் யார் என்று எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வரும் நினைவஞ்சலிப் படங்களை நான் கூர்ந்து பார்ப்பவன். அருப்புக்கோட்டையில் நெடுங்காலம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்ததால் வந்த பழக்கம். பல படங்களில் முகம் மங்கியிருக்கும். ஓரத்தில் வேறு யாருடையதோ பட்டுச்சேலைத் தோள் தெரியும். ஏதோ ஒரு கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்தது என்று பார்த்ததுமே புரிந்துவிடும். ஆளுக்கு ஒரு செல்போன் வந்த பிறகும் இப்படித்தான் என்பதால்தான் எழுதுகிறேன்.

சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களின் அவசரம் ஸ்டுடியோக்காரனுக்குத் தெரியும். காரியத்துக்குள் படம் வேண்டும். கொண்டுவருவதோ ஒரு குரூப் போட்டோ. "இதுல மூணாவதா நிக்கிறது எங்க அம்மா, தனியாப் பெரிசு பண்ணித் தாங்கண்ணே" என்பார்கள். அதை ஸ்டாண்டில் வைத்துக் காப்பி எடுத்து, கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் செய்து, பக்கத்தில் நிற்பவரின் தோளை மறைத்து, நெற்றிப் பொட்டைத் திருத்த வேண்டும். தேர்தல் ஆணையம் 1993-ல் படம் போட்ட அடையாள அட்டையைக் கொண்டுவந்த பிறகு அந்த அட்டையை நீட்டியவர்களும் உண்டு. எத்தனையோ பாட்டிகளுக்கு அதை விட்டால் வேறு படமே கிடையாது. தபால்தலை அளவு முகத்தில் எதைப் பெரிதாக்குவது? ஆனாலும் செய்து கொடுத்தால், வாங்கிய கையோடு கடையிலேயே நின்று அழுவார்கள்.

படம் எடுப்பதே வீண் பகட்டு என்று பெரியவர்கள் சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்கும் ஆசைக்குத்தான் எடுத்தார்கள். மொட்டை போடுவதற்கு முன் பையனுக்குச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டிக் கூட்டி வருவார்கள். சடங்கான பெண்ணைப் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்துவோம். முகமும், பின்னால் தைத்த பூச்சடையும் ஒரே படத்தில் விழ வேண்டும். வளைகாப்புக்கும் அதே கண்ணாடிதான். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போன அப்பா இன்னும் பார்க்காத குழந்தையைப் படம் எடுத்து, கடிதத்தோடு தபாலில் சேர்ப்பார்கள். அதையே இன்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், இதில் என்ன தப்பு? எங்கள் '120' ரக ஃபிலிம் ரோலில் பன்னிரண்டே படம், ஒவ்வொன்றும் காசு. அந்தக் காலப் படங்களில் எல்லாரும் விறைப்பாக நிற்பது அதனால்தான். அம்மா மாவாட்டுவதையும் அப்பா பேப்பர் படிப்பதையும் அன்றைக்கு யார் எடுத்தார்கள்? இன்று பேரப்பிள்ளைகள் எடுக்கிறார்கள். எனக்கு மனசு நிறைகிறது.

என் கவலையெல்லாம் எடுத்ததைப் பத்திரப்படுத்துவது பற்றித்தான். கேட்டால் கூகுளில் இருக்கிறது என்கிறார்கள். சரி, அங்கே இலவச இடம் 15 ஜிபிதான். 2021 ஜூனிலிருந்து ஏற்றும் படங்களும் அதற்குள் அடக்கம். இரண்டு ஆண்டு யாரும் தொடாத தனிநபர் கணக்கை அழித்துவிடலாம் என்பதும் அந்த நிறுவனத்தின் விதி. பாஸ்வேர்டு தெரிந்தவரே காலமாகிவிட்டால் அவர் எடுத்த படங்களும் அவரோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகும்; அப்புறம் பெரிசு பண்ணினால் கட்டம் கட்டமாகத் தெரியும். நல்ல படம் என்றால் டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எல்லாரும் கூடும்போது பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள். பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். பின்பக்கம் பேனாவால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். ஒரு சீட்டில் எழுதி அதே கவரில் வைத்தால் போதும். பழைய ஆல்பம் இருக்கிற வீட்டில் இன்றைக்கே அத்தை பக்கத்திலோ பெரியம்மா பக்கத்திலோ உட்காருங்கள். கல்யாணப் படத்தில் கடைசியாக நிற்கும் தலைப்பாகைக்காரர் யார் என்று சொல்ல அவர்கள் மட்டும்தான் மிச்சம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு நம் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். பெரிய வேலை அது. ஆனால் வீட்டாரே எழுதி வைக்காத பெயரை வெளியாட்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

உங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு வாசகர் வீட்டுப் பழைய படத்தை, அதில் இருப்பவர்களின் பெயர், ஊரோடு வெளியிட வேண்டுகிறேன். அதைப் பார்த்தாவது நாலு வீட்டில் பரணிலிருந்து ஆல்பத்தை இறக்குவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோ போட்டோகிராபர்,
அருப்புக்கோட்டை.