பூண்டுக்கு, சத்துவாச்சாரியிலிருந்து

அன்புள்ள பூண்டு,

மே மாதத்திலிருந்து நான் உன்னிடம் ஒழுங்காகப் பேசவே இல்லை. நீ போன் செய்தபோதெல்லாம் "வேலை இருக்குடி, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். கோபமாகத்தான் இருப்பாய். கோபப்படு, ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படு. உன் சின்னவனுக்கென்று நான் செய்த கிதார் வெடித்துவிட்டது.

இதை வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

மற்ற சேதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். இவர் நன்றாக இருக்கிறார். பெரியவள் அக்டோபரில் வருகிறாள். ஆம்பூர்க்காரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. 2019-இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து அவள் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாள், அந்தப் பெருமை வேறு. வார்டனம்மாவைக் கோட்டைக்கு முன்னால் பார்த்தேன். மொட்டைமாடி விஷயத்தை இன்னும் மறக்கவில்லை, உன் பேரைத்தான் முதலில் கேட்டார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? அத்தையை விசாரித்ததாகச் சொல்.

சரி, கிதாருக்கு வருகிறேன்.

வைகாசி முதல் தேதி குடியாத்தம் சிரசுத் திருவிழா. விடியற்காலையே கிளம்பிப் போய்விட்டோம். கூட்டம், வெயில், எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். சாயங்காலம் திரும்பி வந்து மாடிக் கொட்டகையைத் திறந்தேன். உள்ளே அடுப்படி மாதிரி அனல். கிதார் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்பலகையில், கம்பிகளைத் தாங்குகிற குதிரைக்குக் கீழே தொடங்கி அடி விளிம்புவரை மெல்லிசாக ஒரு கோடு. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் தடவினேன். நகம் உள்ளே இறங்கியது.

ஏழு மாத வேலை, பூண்டு. பலாமரப் பலகையை 2 மில்லிமீட்டருக்கு இழைத்து, ஊறவைத்து, நன்றாகச் சூடாக்கிய இரும்புக் குழாயின்மேல் வைத்து இடுப்பு வளைவுக்கு வளைக்கும்போது இரண்டு பலகை ஒடிந்தது. அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. பலா நம்மூரில் கிடைக்கும் மரம். தஞ்சாவூரில் வீணையே அதில்தான் செய்கிறார்கள். ஈட்டி மரம் வாங்க எனக்கு வசதியும் இல்லை, காட்டை நினைத்தால் விருப்பமும் இல்லை. ஆனால் மேல்பலகை அப்படியில்லை. அது ஸ்ப்ரூஸ், ஐரோப்பாவில் குளிர்மலையில் வளர்ந்த மரம். ஒரே கட்டையைப் புத்தகம் மாதிரி பிளந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்படி ஒட்ட வேண்டும். சத்தம் பிறப்பது அதில்தான். தோரெஸ் என்று ஸ்பெயின் நாட்டுக்காரர் ஒருவர், இன்றைய கிதாருக்கு வடிவம் தந்தவர். 1862-இல் அவர் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிதார் செய்தார். மேல்பலகை நன்றாக இருந்தால் போதும், கிதார் பாடும் என்று காட்டுவதற்காக. என் கிதாரில் அந்தப் பலகைதான் போனது.

ஏன் போனது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அதுதான் உன்னிடம் பேச வாய் வராமல் செய்தது. விபத்து என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இது என் அவசரத்தால் வந்தது.

விடுதியில் நம் அறைக் கதவு ஞாபகம் இருக்கிறதா? ஐப்பசி மழை பிடித்தால் இறுகிக்கொள்ளும், நீ உதைத்தால்தான் திறக்கும். சித்திரையில் காற்றுக்கே ஆடும். மரம் ஈரத்தில் பருக்கும், வெயிலில் சுருங்கும். ஆனால் நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில்தான். கிதாரின் மேல்பலகை 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன்மேல் ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும், ஒரு ஆள் எடை. அதைத் தாங்குவதற்காக உள்பக்கம் பெருக்கல் குறி மாதிரி சட்டங்கள் ஒட்டுவார்கள். 1840-களிலேயே அமெரிக்காவில் மார்ட்டின் பட்டறையில் செய்த முறை அது. அந்தச் சட்டங்கள் பலகையின் ரேகைக்குக் குறுக்கே போகின்றன. பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. அப்போது பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான் சட்டம் ஒட்டியது ஐப்பசி அடைமழையில். அன்று கொட்டகையில் ஈரப்பதம் 84 சதவீதம் என்று எழுதி வைத்திருக்கிறேன். 45 பக்கம் இருக்கும்போதுதான் ஒட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆசாரி அண்ணனும் "மழை விடட்டும்மா, மரம் எங்கே ஓடிடப் போகுது" என்றார். ஆனால் உன் சின்னவன் கிறிஸ்துமஸுக்கு கோயரில் வாசிக்க வேண்டும் என்று கேட்டிருந்தானே, அது மனதில் இருந்தது. ஊதிப்போயிருந்த பலகையில் ஒட்டிவிட்டேன். கடைசியில் கிறிஸ்துமஸுக்கும் முடியவில்லை, மாசியில்தான் கம்பி கட்டினேன். சிரசு அன்று கொட்டகையில் ஈரப்பதம் 26.

இந்தக் கலையைப் பற்றி நான் படித்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. அவர்களுக்குப் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டுபோகும், அப்போதுதான் வாத்தியம் வெடிக்கும். அவர்கள் ஜனவரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பாலாற்றங்கரையில் இருக்கிற நாம் பயப்பட வேண்டியது மே மாதத்தை. வேலூர் வெயிலில் பிறந்து வளர்ந்தவள் நான், இதை எனக்கு ஒரு புத்தகமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இப்போது கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்துவிட்டேன்: ஒட்டுவது மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில் கழுத்து செதுக்கலாம், அதில் ஸ்வரங்களைப் பிரிக்கிற குறுக்குக் கம்பிகளுக்கு, அதாவது மெட்டுகளுக்கு, இடம் அளக்கலாம், பசைச்சட்டியைத் தொடக்கூடாது.

மெட்டு என்றதும் நீ வீணை வகுப்பிலிருந்து பின்வாசல் வழியாக ஓடியது நினைவுக்கு வருகிறது. வீணையில் 24 மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு மெழுகில் பதிப்பார்கள், டீச்சர் வாசிக்கும்போது பார்த்திருக்கிறோம். கிதாரில் எல்லாம் கணக்கு. கம்பியின் நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் மெட்டு. 650 மில்லிமீட்டர் என்றால் 36.5 வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு 325-இல், சரிபாதியில் வந்து நிற்கும். முதல்முறை அப்படி வந்து நின்றபோது நான் தனியாகக் கைதட்டினேன். கணக்கில் நீதான் கெட்டிக்காரி. ஓடாமல் இருந்திருந்தால் நீயும் நல்ல வாத்தியக்காரி ஆகியிருப்பாய்.

ஆசாரி அண்ணன் மறுநாள் வந்து பார்த்தார். திட்டவில்லை. "எந்த மாசம் ஒட்டினே?" என்று மட்டும் கேட்டார், சொன்னேன். "திறந்துடலாம்" என்றார்.

திறக்க முடிந்ததற்கும் அவர்தான் காரணம். டப்பாவில் வரும் வெள்ளைப் பசையைத்தான் நான் வாங்கி வைத்திருந்தேன். அவர்தான் வஜ்ஜிரம் காய்ச்சச் சொன்னார். தோலிலிருந்து எடுக்கிற பசை. இத்தனை தோல் தொழிற்சாலைக்கு நடுவில் இருந்துகொண்டு அதை வேண்டாம் என்கிறாயே என்று கேட்டார். ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து 60 டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். ஆறினால் இறுகும், இறுகினால் இரும்பு. ஆனால் மறுபடி சூடும் ஈரமும் காட்டினால் விட்டுக்கொடுக்கும். ஒட்டியதைப் பிரிக்க இடம் தருகிற பசை அது. குளிர்நாட்டில் ஒட்டுவதற்குள் ஆறிவிடுகிறது என்று குறைப்படுவார்கள். அக்னி நட்சத்திரத்தில் எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை, நிதானமாக ஒட்ட முடிந்தது.

தோசைக் கரண்டியை அடுப்பில் காட்டி, நீர்த்துளி விட்டு, விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து முதுகுப் பலகையைக் கழற்றினோம். இரண்டு நாள் ஆனது. பிறகு சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். வெடிப்பில் அதே ஸ்ப்ரூஸில் சீவிய ஒரு சிராயைப் பசை தடவி இறக்கினோம். உள்பக்கம் மூன்று சிறு பட்டைகளை ரேகைக்குக் குறுக்கே வைத்து ஒட்டினோம். சாயங்காலத்தில் இடிமழை வந்த நாட்களில் கிதாரைப் பெட்டிக்குள் வைத்து குண்டு பல்பைப் போட்டுவிட்டு, அளவுமானி 45 காட்டும்வரை காத்திருந்தேன். அதன்பிறகுதான் சட்டம். இந்தமுறை அவசரப்படவில்லை, பூண்டு. ஆடி முழுக்கப் போனது.

போன வெள்ளிக்கிழமை கம்பி கட்டினேன். தடித்த கம்பியை மீட்டிவிட்டு முதுகில் உள்ளங்கையை வைத்தேன். பலா அதிர்ந்துகொண்டே இருந்தது. முன்பு இருந்ததைவிடச் சத்தம் திறந்து வருகிறது. சட்டங்களை மறுபடி ஒட்டும்போது கொஞ்சம் இழைத்துச் சன்னமாக்கினேன், அதனாலாக இருக்கும். இவர் கீழே இருந்து, "ரேடியோவா?" என்று கேட்டார்.

ஆனால் கோடு இருக்கிறது. நேர்வகிடு எடுத்தது போல வெளிச்சத்தில் தெரியும். மறைத்து வண்ணம் பூச எனக்கு இஷ்டமில்லை.

என் விருப்பம் இதையே அவனுக்குக் கொடுப்பது. நாகர்கோவில் காற்றில் ஈரம் அதிகம், அங்கே வெடிக்கும் பயம் குறைவு. மாறாக மேல்பலகை கொஞ்சம் உப்பிக் கம்பி உயரும். பன்னிரண்டாவது மெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி வைத்திருக்கிறேன். புரட்டாசியில் நானே ரயிலில் கொண்டு வருகிறேன், பார்சலில் போட மாட்டேன். ஒரு மாதம் கழித்து அவனை ஸ்கேலால் அளந்து எழுதச் சொல். 3-க்கு மேல் போயிருந்தால் குதிரையில் இருக்கும் எலும்புத் துண்டைக் கழற்றித் தபாலில் அனுப்பட்டும், தேய்த்து அனுப்புகிறேன். காருக்குள் மட்டும் ஒருபோதும் வைக்கக்கூடாது. வெயிலில் நிற்கிற காரின் சூட்டில் இந்தப் பசை இளகிவிடும்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் அதற்கும் பலகை எடுத்து வைத்திருக்கிறேன். மாசியில் ஒட்டினால் ஆடிக்குள் கிடைக்கும். நீயாக முடிவு செய்யாதே, அவனிடம் கேள். வெடித்ததையும் ஒட்டியதையும் முழுசாகச் சொல்லிவிட்டுக் கேள். அவன் சொன்னதை அப்படியே எழுது.

உன்,
கொக்கு