கறைபடாத கைகளா, லாரன்ஸ் அவர்களே?

மதிப்பிற்குரிய டி. இ. லாரன்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் பெயரால் உங்களை அழைப்பதிலேயே எனக்கு ஒரு தயக்கம். உங்கள் தந்தை தாமஸ் சாப்மன், முதல் குடும்பத்தை விட்டு வந்தபின் தரித்துக்கொண்ட பெயர் அது. பிற்காலத்தில் நீங்களும் அதைக் களைந்துவிட்டு ராஸ் என்றும் ஷா என்றும் கடைநிலைச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தீர்கள்.

முதல் உலகப் போரில் துருக்கியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பிரிட்டிஷ் அதிகாரியாக நீங்கள் பங்கேற்ற கதையைச் சொல்லும் 'ஞானத்தின் ஏழு தூண்கள்' நூலை இரண்டாம் முறை படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். 1917 ஜூலையில் அரபுப் பழங்குடித் தலைவர் அவுதா அபூ தாயியின் வீரர்களோடு பாலைவனத்தைச் சுற்றி வந்து அகபா துறைமுகத்தைப் பிடித்ததைப் பற்றியோ, துருக்கியரின் ஹிஜாஸ் ரயில் பாதையைத் தகர்த்ததைப் பற்றியோ நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னை உறுத்துவது வேறு. கிளர்ச்சியின் தலைவரான மக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு அரபு விடுதலையை வாக்களித்த அதே பிரிட்டன், 1916 மே மாதத்தில் சைக்ஸ்-பிகோ ஒப்பந்தத்தின் வழியே பிரான்சோடு அந்த நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டது. அந்த வாக்குறுதியின் பேரில் அம்மக்களைப் போருக்கு அழைத்துச் சென்றதற்காக வெட்கப்பட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன் மீது தானே வழக்குத் தொடுத்த படைவீரர்கள் அரிது. அந்தப் பக்கங்களுக்காகவே உங்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

ஆனால் அதே நூலின் ஒரு குறிப்பில், அன்று பிரிட்டனின் குடியேற்ற நாடுகள் அமைச்சராக இருந்த சர்ச்சில் 1921இல் செய்த ஏற்பாட்டால் வாக்குறுதிகள் இயன்றவரை நிறைவேறிவிட்டன என்றும், கறைபடாத கைகளோடு வெளியேறினோம் என்றும் சொல்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உங்களோடு பிணக்கு. அந்த ஏற்பாட்டை வகுத்த கெய்ரோ மாநாட்டில் சர்ச்சிலின் ஆலோசகராக இருந்தவர் நீங்கள். பிரதிவாதியே தீர்ப்பையும் எழுதிக்கொண்டது போல் இருக்கிறது இது. ஹுசைனின் மகன்களில் ஃபைசலுக்கு ஈராக் கிடைத்தது, அப்துல்லாவுக்கு டிரான்ஸ்ஜோர்டான் கிடைத்தது, சரி. ஃபைசல் முதலில் முடிசூடிய சிரியா என்ன ஆயிற்று? 1920 ஜூலை 24 அன்று, வெல்ல வழியில்லை என்று அறிந்தே டமாஸ்கஸ் அருகே மைசலூனில் பிரெஞ்சுப் படையை எதிர்கொண்டு உயிர்விட்ட சிரியாவின் போர் அமைச்சர் யூசுஃப் அல்-அஸ்மாவை உங்கள் கணக்கில் எந்த வரியில் எழுதுவது? பிரெஞ்சுப் படைகள் அந்நாட்டை விட்டு முழுமையாக வெளியேற 1946 ஆயிற்று. ஈராக்கின் காவலையோ அந்த மாநாடு பிரிட்டிஷ் விமானப்படையிடம் ஒப்படைத்தது. அடங்க மறுத்த கிராமங்கள் மீது குண்டுகள் விழுந்தன. 1922 ஆகஸ்டில் நீங்கள் பெயரை மறைத்துப் புகலிடம் தேடியது, விந்தையாக, அதே விமானப்படையில்தான்.

1918 அக்டோபரில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பட்டமளிக்க முன்வந்தபோது, அவர் முகத்துக்கு நேரே அதை மறுத்தீர்கள். நான் நம்புவது அந்த லாரன்ஸைத்தான். குறிப்பை எழுதியவரை அல்ல.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்